மாத்திரை அட்டையில் பெயர் இல்லாத மனிதர்



இந்த மலருக்கு ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி நம் தலைவி அக்கா கேட்டார்கள். நான் எடுத்துக்கொண்டது டாக்டர் யெல்லாபிரகட சுப்பாராவ். ஆந்திராவில் அவர் பெயர் பெரிய பெயர். நம்ம பக்கம் அவ்வளவாகத் தெரியாது. ஆனா அவரும் அவருடைய ஆட்களும் உழைச்சு உண்டாக்கின மருந்துகள் நம்ம ஊரில் எல்லா வீட்டுக்குள்ளும் வந்து போயிருக்கு. கர்ப்பிணிக்குக் கொடுக்கிற சத்து மாத்திரை, யானைக்கால் வராமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரை, என் மகளுக்கு உயிர் கொடுத்த மாத்திரை, இந்த மூன்றிலும் அவர் கை இருக்கு.

அவரை எனக்கு எப்படித் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் சின்ன மகளுக்கு ஆறு வயசு. விட்டு விட்டுக் காய்ச்சல் அடித்தது. முகம் வெளுத்துப் போச்சு. கை காலில் அடிபடாமலே நீலம் நீலமாகத் தடம் வந்தது. ராத்திரியில் கால் வலிக்குதுன்னு அழுவாள். வளர்ற பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மூன்று வாரம் காய்ச்சல் மருந்தும் டானிக்கும் கொடுத்தோம். கடைசியில் கும்பகோணத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோது, உடனே சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். ரத்தப் புற்றுநோய்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை, எங்கள் குழுக் கூட்டம். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் தயங்கினார்கள். இந்த நோய் வந்த பிள்ளை பிழைக்காது, கடன்தான் மிஞ்சும், மூத்தவள் ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்காவது பணத்தை வைத்துக்கொள் என்றார்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொல்லணும்னா என் மனசுக்குள்ளேயும் அதே பயம்தான். காய்கறி வியாபாரம் செய்கிற எங்கள் பிரதிநிதி அக்கா ஒன்றும் பேசாமல் தீர்மான நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டார். 20,000 ரூபாய் உள்கடன், 24 தவணை. கடைசியில் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். வைத்தியத்துக்குக் காப்பீட்டு அட்டை உதவியது. பஸ், சாப்பாடு, தங்குகிற செலவு, நான் வேலைக்குப் போகாத நாட்கள், எல்லாவற்றுக்கும் அந்தக் கடன்தான்.

சென்னையில் பல மாதம் ஊசி, ரத்தம் ஏற்றுவது, மறுபடி ஊசி என்று போனது. அப்புறம் வீட்டிலிருந்தே சாப்பிட மாத்திரை கொடுத்தார்கள். ஒன்று தினமும் சாப்பிடுவது. இன்னொன்று மஞ்சள் நிறத்தில் சின்னதாக இருக்கும், வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுக்கணும். அதன் பெயர் மெத்தோட்ரெக்சேட். மருந்து கொடுக்கிற இடத்தில் இருந்த வயதான மருந்தாளுநர், மறந்தும் தினமும் கொடுத்துவிடக் கூடாது என்று மூன்று தடவை சொன்னார். அதோடு, இந்த மருந்து பிறக்கக் காரணமாக இருந்தவர் இதே சென்னையில், திருவல்லிக்கேணியில் படித்தவர் என்றும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, படித்த பிள்ளைகளிடம் கேட்டும் நூலகத்தில் தேடியும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நகையை விற்றுப் படிக்க வைத்த தாய்

சுப்பாராவ் 1895 ஜனவரி 12 அன்று ஆந்திராவில் பீமவரத்தில் பிறந்தார். அப்போது அது சென்னை மாகாணத்தில் சேர்ந்திருந்தது. அப்பா ஜகந்நாதம் வருவாய்த் துறையில் வேலை பார்த்தவர். உடம்பு முடியாமல் சீக்கிரமே வேலையை விட்டுவிட்டார். வீட்டில் ஏழு பிள்ளைகள், இவர் நாலாவது. வறுமையைப் பற்றி நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பதின்மூன்று வயசில் இந்தப் பையன் படிப்பை விட்டுவிட்டு, காசிக்குப் போய் யாத்திரை வருகிறவர்களுக்கு வாழைப்பழம் விற்றுச் சம்பாதிக்கலாம் என்று வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அம்மா வெங்கம்மா விடவில்லை. திரும்பக் கூட்டிவந்து பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தார். தன் நகைகளை விற்றுத்தான் மகனைப் படிக்க வைத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

அப்படிப் படிக்க வைத்த பிள்ளை முதல் வகுப்பில் தேறினாரா என்றால் இல்லை. மெட்ரிகுலேஷன் தேர்வில் இரண்டு முறை தோற்றார். மூன்றாவது முறை திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து எழுதித்தான் தேறினார். பத்தாம் வகுப்பில் தோற்ற பிள்ளையைக் கடைக்கு வேலைக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிற அம்மாக்கள் நம் குழுக்களிலும் இருக்கிறோம். இந்த இடத்தை அவர்கள் இன்னொரு முறை படிக்க வேண்டும்.

பிறகு சென்னை மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே படிக்கும்போது ராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்து துறவியாகிவிட ஆசைப்பட்டார். தாயின் சம்மதம் வேண்டியிருந்தது. வெங்கம்மா சம்மதிக்கவில்லை. ஜனங்களுக்குச் சேவைதான் செய்யணும் என்றால் வைத்தியம் படித்தும் செய்யலாமே என்று சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அதற்கு நண்பர்களும், அனபர்த்தியைச் சேர்ந்த கஸ்தூரி சூரியநாராயணமூர்த்தி என்பவரும் பண உதவி செய்தார்கள். அவருடைய மகள் சேஷகிரியைத்தான் 1919-இல் சுப்பாராவ் கல்யாணம் செய்துகொண்டார்.

அது காந்தியடிகள் அந்நியத் துணியை விடச் சொன்ன காலம். சுப்பாராவ் அறுவை சிகிச்சை வகுப்புக்கும் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். அறுவை சிகிச்சைப் பேராசிரியரான வெள்ளைக்காரருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். பட்டம்தான் கொடுத்தார்கள். அரசாங்க மருத்துவ வேலைக்குப் போக முடியாமல், சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு பாடம் சொல்லிக்கொடுக்கப் போனார்.

எட்டு நாளில் இரண்டு சாவு

1921-இல் அவர் குடும்பத்தில் இடி விழுந்தது. எட்டு நாள் இடைவெளியில் சகோதரர்கள் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஸ்ப்ரூ என்கிற வயிற்று நோய் அது. சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டாமல் பேதியாகவே போகும். நாக்கு புண்ணாகும், ரத்தம் குறையும், ஆள் எலும்பும் தோலுமாகிவிடுவார். ஏன் வருகிறது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. சுப்பாராவுக்கும் அதே நோய் வந்தது. ஆயுர்வேத வைத்தியம் செய்து அவர் தப்பித்தார்.

இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கணும் என்கிற வைராக்கியம் அப்போதுதான் அவருக்கு வந்தது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெப்பநாட்டு நோய்களைப் பற்றிய படிப்பு இருந்தது. தர்ம நிதியிலிருந்து கொஞ்சம், மாமனார் கொடுத்தது கொஞ்சம் என்று சேர்த்துக்கொண்டு 1920-களின் தொடக்கத்தில் கப்பல் ஏறினார். சில வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். அப்போது சேஷகிரி அம்மா கர்ப்பமாக இருந்தார்.

அங்கே போனதும் கையில் காசில்லை. அவர் இங்கே வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு அங்கே வைத்தியம் பார்க்க முடியாது. பகலில் படித்தார், ராத்திரியில் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் பெட்பேன் எடுத்துக் கழுவும் வேலை பார்த்தார். நம் கூட்டமைப்பில் தூய்மைப் பணி செய்கிற அக்காக்கள் பல பேர் இருக்கிறீர்கள். நீங்கள் செய்கிற அதே வேலையில்தான் அந்த விஞ்ஞானியின் அமெரிக்க வாழ்க்கை ஆரம்பித்தது.

உடம்பின் கைச்செலவுக் காசு

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்ற பேராசிரியரோடு சேர்ந்து வேலை செய்தார். ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க இரண்டு பேரும் ஒரு முறையைக் கண்டுபிடித்து 1925-இல் வெளியிட்டார்கள். மருந்தைச் சேர்த்தால் நீல நிறம் வரும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பரஸ். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அதற்குப் பெயர்.

அதை வைத்துக்கொண்டு தசையை ஆராய்ந்தார்கள். தசைக்கு வேலை செய்யும் சக்தி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தபோது, பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளையும், 1929-இல் ஏ.டி.பி. என்ற பொருளையும் கண்டார்கள். அதே சமயத்தில் ஜெர்மனியில் லோமன் என்பவரும் ஏ.டி.பி.யைக் கண்டுபிடித்தார். நாம் சாப்பிடுகிற சோறும் கூழும் நேரடியாகச் சக்தியாவதில்லை. வங்கியில் போட்ட பணத்தைக் கைச்செலவுக்குச் சில்லறையாக எடுக்கிற மாதிரி, உடம்பு சாப்பாட்டை ஏ.டி.பி.யாக மாற்றித்தான் செலவு செய்கிறது. நாற்று நடுகிற கைக்கும் துடிக்கிற இதயத்துக்கும் அந்தச் சில்லறைதான்.

இவ்வளவு செய்தும் ஹார்வர்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940-இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லி மருந்து ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்தார். கொஞ்ச காலத்தில் ஆராய்ச்சிக்கே தலைவரானார். அவர் நினைத்து வந்த வேலை அப்போதுதான் தொடங்கியது.

கீரையில் இருந்த சத்து

ஃபோலிக் அமிலத்தின் கதை நம் நாட்டுப் பெண்களிடமிருந்து ஆரம்பிக்கிறது. 1920-களின் கடைசியில் லூசி வில்ஸ் என்கிற இங்கிலாந்து டாக்டரம்மா பம்பாய்க்கு வந்தார். துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கர்ப்பமாக இருக்கும்போது கடுமையான ரத்தச்சோகை வந்து செத்துக்கொண்டிருந்தார்கள். ஈஸ்டிலிருந்து செய்த ஒரு மலிவான சாரத்தைக் கொடுத்தபோது ரத்தம் ஊறுவதை அந்த அம்மா கண்டுபிடித்தார். அதில் ஏதோ ஒரு சத்து இருக்கிறது, ஆனால் என்ன சத்து என்று தெரியவில்லை. பிறகு 1941-இல் அமெரிக்காவில் வேறு ஆராய்ச்சியாளர்கள் கீரையிலிருந்து அந்தச் சத்தைப் பிரித்தார்கள். லத்தீன் மொழியில் இலைக்குச் சொல்லும் சொல்லிலிருந்து ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் டன் கணக்கில் கீரையை அரைத்தாலும் துளிதான் கிடைக்கும். ஊருக்கெல்லாம் கொடுக்கணும் என்றால் ஆய்வுக்கூடத்திலேயே செய்யத் தெரியணும். அதைச் செய்து காட்டியது சுப்பாராவின் குழு. 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். அதன் அமைப்பையும் செய்முறையையும் விளக்கிய கட்டுரையில் பதினாறு பேருடைய பெயர்கள் இருக்கின்றன. அதில் சுப்பாராவின் பெயர் நடுவில் எங்கோ ஒன்றாக இருக்கிறது. பதினாறு பேர் என்றால் கிட்டத்தட்ட நம்மில் ஒரு குழு அளவு. அவர் தன் பெயரை முன்னால் நிறுத்துகிற ஆள் இல்லை.

அந்த ஃபோலிக் அமிலத்தைக் கொடுத்தபோது ஸ்ப்ரூ நோயாளிகள் தேறினார்கள். எட்டு நாளில் இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்த மனிதர், இருபத்தைந்து வருஷம் கழித்து அந்த நோயைத் தீர்க்கிற மருந்தைக் கையில் வைத்திருந்தார்.

இப்போது கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கிறார்களே, அதில் இரும்போடு சேர்ந்திருப்பது இந்த ஃபோலிக் அமிலம்தான். கருப்பாக வெளிக்குப் போகுது, குமட்டுதுன்னு மாத்திரையைக் கூரையில் செருகி வைக்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பம்பாய் ஆலைப் பெண்கள் உயிரை விட்டுத் தெரிவித்த விஷயம் அது என்று இப்போதெல்லாம் நான் சொல்லிப் பார்க்கிறேன். சில பேர் கேட்கிறார்கள்.

என் மாமியாரின் கால்

எங்கள் மாமியாருக்கு வலது கால் யானைக்கால். கல்யாணம் காட்சி எதற்கும் வர மாட்டார். புடவையை இழுத்து இழுத்துக் காலை மூடிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். கும்பகோணம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் இந்த நோய்ப் புழு தொற்றியது. அதற்கு மருந்து தேடியபோது சுப்பாராவின் ஆராய்ச்சிக்கூடம் 1947-இல் ஹெட்ரசான் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. டி.இ.சி. என்று நம் சுகாதாரப் பணியாளர்கள் சொல்கிறார்களே, அதேதான். ரத்தத்தில் ஓடுகிற குட்டிப் புழுக்களை அது கொல்லும். வீங்கின காலை அது பழையபடி ஆக்காது. ஆனால் ரத்தத்தில் புழு இல்லை என்றால் கொசு அதை அடுத்தவருக்குக் கொண்டுபோக முடியாது. அதனால்தான் நோய் இல்லாதவர்களும் சேர்ந்து சாப்பிடணும் என்கிறார்கள். கர்ப்பிணிகள், இரண்டு வயசுக்குள் இருக்கிற குழந்தைகள், படுத்த படுக்கையாக இருக்கிறவர்கள் சாப்பிடக் கூடாது.

மாத்திரை கொடுக்க நர்ஸ் அம்மாவோடு நான் வீடு வீடாகப் போயிருக்கிறேன். வாங்கி வைத்துக்கொண்டு, நாங்கள் தெரு திரும்பியதும் சாக்கடையில் போட்டவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் மாமியார் சொல்லிவிட்டார், அவர் கண் முன்னாடியே எல்லோரும் விழுங்கணும் என்று.

நூல் இல்லாத பாபின்

இப்போது என் மகளின் மாத்திரைக்கு வருகிறேன்.

உடம்பு சின்னச் சின்ன அணுக்களால் ஆனது. செல் என்று பிள்ளைகள் பாடத்தில் படிக்கிறார்கள். ஒரு செல் இரண்டாகப் பிரிந்துதான் உடம்பு வளர்கிறது. அப்படிப் பிரிவதற்கு ஃபோலிக் அமிலம் வேண்டும். புற்றுநோய் செல்கள் அடங்காமல் பிரிந்துகொண்டே போகிறவை. ரத்தப் புற்றுநோயில் அவை பெருகிப் பெருகி நல்ல ரத்தம் ஊற இடமில்லாமல் செய்துவிடுகின்றன. அதனால்தான் என் மகளுக்கு முகம் வெளுத்தது, தடம் விழுந்தது, காய்ச்சல் வந்தது.

பாஸ்டனில் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற டாக்டர் இருந்தார். அந்தக் காலத்தில் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ இறந்துவிடுவார்கள். அவர் முதலில் அந்தக் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகையைக் கொடுத்துப் பார்த்தார். நோய் வேகமாக வளர்வதுபோலத் தெரிந்தது. வயலில் யூரியா போட்டால் நெல்லோடு களையும் சேர்ந்து செழிக்கும், அந்த மாதிரி. இதைக் கேட்டு யாரும் சத்து மாத்திரை சாப்பிட்டால் புற்றுநோய் வந்துவிடும் என்று பயந்துவிடாதீர்கள். ஏற்கெனவே களை மண்டிய வயலைப் பற்றித்தான் சொல்கிறேன்.

சத்து களையை வளர்க்கிறது என்றால், சத்தைத் தடுத்தால் களை வாடுமா என்று ஃபார்பர் யோசித்தார். அதற்கான பொருளைச் சுப்பாராவின் குழு செய்து கொடுத்தது. பார்க்க ஃபோலிக் அமிலம் போலவே இருக்கும், ஆனால் அதன் வேலையைச் செய்யாது. தையல் தெரிந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லலாம். மெஷினில் பாபின் மாதிரியே ஒன்றைப் போடுகிறோம். சரியாகப் பொருந்தி உட்கார்ந்துவிடுகிறது. ஆனால் அதில் நூல் இல்லை, வெளியே எடுக்கவும் வரவில்லை. தையல் நின்றுவிடும். புற்றுநோய் செல்லும் அப்படித்தான் பிரிய முடியாமல் நின்று சாகிறது.

அமினோப்டெரின் என்ற அந்த மருந்தை 1947-ஆம் வருஷக் கடைசியிலிருந்து குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். 1948 ஜூன் மாதம் முடிவு வெளிவந்தது. கொடுத்த பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. சில மாதங்களுக்குத்தான், அப்புறம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் இந்த நோயை மருந்தால் அடக்க முடியும் என்று உலகம் முதன்முதலாகப் பார்த்தது அப்போதுதான். அதே குழுவில் பிறந்த இன்னொரு வகைதான் மெத்தோட்ரெக்சேட். பிறகு பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். இன்று வசதியுள்ள நாடுகளில் இந்த வகை ரத்தப் புற்றுநோய் வந்த பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேர் பிழைக்கிறார்கள்.

1956-இல் அமெரிக்காவில், கர்ப்பத்தைத் தொடர்ந்து பெண்களுக்கு வருகிற ஒரு கொடிய புற்றுநோயை இந்த மெத்தோட்ரெக்சேட் ஒன்றே முழுசாகக் குணமாக்கியது. இப்போது முடக்குவாதத்துக்கும் குறைந்த அளவில் கொடுக்கிறார்கள். நம் மூட்டுவலி அக்காக்கள் சிலர் சாப்பிடுகிறார்கள். அவர்களும் நினைவில் வைக்கணும்: முடக்குவாதத்துக்கு இது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகள் தொடக் கூடாது.

என் மகளுக்கு வாய் புண்ணாகிச் சாப்பிட முடியாமல் அழுதபோது நான் மாத்திரையைத் திட்டியிருக்கிறேன். வாய்த் தோலும் ரத்தமும் உடம்பில் வேகமாகப் புதுப்பித்துக்கொள்கிறவை. அதனால் இந்த மருந்து அவற்றையும் கொஞ்சம் வாட்டும். அது தெரிந்த பிறகு திட்டவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழுவில் தவணை கட்டுவேன், ராத்திரி மாத்திரை கொடுப்பேன், காலண்டரில் வட்டம் போடுவேன். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. கடன் முதலில் முடிந்தது. மாத்திரை அப்புறம் முடிந்தது. இப்போது மகள் ஐந்தாம் வகுப்பு. பரிசோதனைக்கு மட்டும் போய் வருகிறோம். அன்றைக்குத் தயங்கிய இரண்டு பேரில் ஒருத்திதான் நான் சென்னைக்குப் போகிற நாட்களில் மூத்தவளுக்குச் சோறு போட்டவள்.

காத்திருந்தவர்

சுப்பாராவ் ஊருக்குத் திரும்பவே இல்லை. ஃபார்பரின் முடிவு வந்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில், 1948 ஆகஸ்ட் மாதம், தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். வயது 53. அமெரிக்கக் குடியுரிமையும் வாங்கவில்லை. நோபல் பரிசும் கிடைக்கவில்லை. 1995-இல், அவருடைய நூற்றாண்டில், இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

அவர் கப்பல் ஏறிய பிறகு பிறந்த மகன் சில மாதங்களிலேயே நோயில் இறந்துவிட்டான். அந்தக் குழந்தையை அப்பா பார்க்கவே இல்லை. சேஷகிரி அம்மா காத்திருந்தார். இதைப் படித்த அன்றைக்கு எனக்குக் கோபம் வந்தது. உலகத்துப் பிள்ளைகளுக்கு மருந்து தேடிய மனிதருக்குத் தன் வீட்டுப் பெண்ணின் நினைப்பு எங்கே போச்சு என்று தோன்றியது. என் பெண் பிழைத்ததை நினைத்தால் அவரைக் கும்பிடத் தோன்றுகிறது. சேஷகிரி அம்மாவை நினைத்தால் கேள்வி கேட்கத் தோன்றுகிறது. இரண்டும் என்னிடம் இருக்கிறது. ஒன்றுக்காக மற்றதை விட முடியவில்லை.

பெரியவர்களின் வாழ்க்கையை எழுதும்போது பின்னால் நின்றவர்களை விட்டுவிடுகிறோம். நகையை விற்ற வெங்கம்மா, திரும்பி வராதவருக்காகக் காத்திருந்த சேஷகிரி, ரத்தம் வற்றிப் போன பம்பாய் ஆலைப் பெண்கள், முதல் மருந்தைச் சாப்பிட்ட அந்தப் பதினாறு குழந்தைகள், இவர்கள் இல்லாமல் என் கைக்கு அந்த மஞ்சள் மாத்திரை வந்திருக்காது.

சகோதரிகளே, கடைசியாக இரண்டு விஷயம். பிள்ளைக்கு விடாத காய்ச்சல், முகம் வெளுப்பு, அடிபடாமல் நீலத் தடம், எலும்பு வலி இருந்தால் நான் செய்த மாதிரி மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். முதலில் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். இன்னொன்று, வைத்தியத்துக்குக் கடன் கேட்டு ஒருத்தி குழுவில் வந்து நின்றால், பிழைக்குமா பிழைக்காதா என்று நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அதை டாக்டர் சொல்லட்டும். நாம் நோட்டை எடுத்துத் தீர்மானம் எழுதுவோம்.